கத்திரி வெயிலில் மலையில் டென்ட்: எங்கே போவது, எப்படித் தங்குவது?

நீங்கள் கேட்டது இதுதான்: சென்னையில் வேலை பார்க்கும் ஐந்து நண்பர்கள், மே மாத நடுவில் இரண்டு ராத்திரி மலையில் டென்ட் போட்டுத் தங்க ஆசை. போன வருடம் ஏலகிரிக்குப் போனீர்கள். பகலில் டென்ட்டுக்குள் இருக்கவே முடியவில்லை, ஒருவர் மத்தியானம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவையாவது வெயிலிலிருந்து தப்பிக்க எந்த மலைக்குப் போகலாம், என்னென்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஏலகிரியில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம், பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். காற்று மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிகிற காற்று குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். ஆனால் அதன் அடிவாரமான ஜோலார்பேட்டையே கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, 14 கொண்டை ஊசி வளைவு ஏறி நீங்கள் கடந்தது வெறும் 700 மீட்டர். கீழே 40 டிகிரி அடித்தால் மேலே 35, 36. சென்னையில் கடல்காற்று வந்த பிறகு இருக்கும் சூட்டைவிட அது பெரிதாகக் குறைவில்லை. ஏலகிரி நல்ல இடம்தான், டிசம்பரில் போனால் அருமையாக இருக்கும். கத்திரிக்கு அது போதாது.

இதே கணக்கை மற்ற மலைகளுக்கும் போட்டுப் பாருங்கள். சேலம் 280 மீட்டர் வாக்கில், ஏற்காடு 1,500. வித்தியாசம் 1,200 மீட்டர், எட்டு டிகிரி. சேலத்தில் 40 என்றால் ஏற்காட்டில் 32. வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே 32 டிகிரி சுகமாக இருக்கும். திறந்த வெளியில் டென்ட் போட்டால் வேகும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினால் 1,800 மீட்டர், கிட்டத்தட்ட 12 டிகிரி. நிஜத்தில் மேலே வெப்பம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மத்தியானமானால் மேகம் திரள்வது, கோடை மழை, சோலைக்காட்டின் ஈரம் எல்லாம் சேர்ந்து கொடைக்கானலின் மே மாதப் பகல் சராசரியை 20, 22 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கின்றன. ராத்திரி 12, 13-க்கு இறங்கும்.

அதனால் மலையின் பெயரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். மே மாதத்தில் டென்ட்டில் தங்குவதென்றால் 1,800 மீட்டருக்குக் கீழே நான் யாருக்கும் சொல்வதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும் எனக்கு மிகவும் பிடித்தவை, ஆனால் ஊர்கள் இருக்கும் மேட்டு நிலம் 1,000 முதல் 1,300 மீட்டர்தான். அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி, மே மாத வெயிலில் திரும்ப ஏற வேண்டும். போன வருடம் தலைசுற்றிய நண்பரை வைத்துக்கொண்டு அது வேண்டாம். வால்பாறையும் ஆயிரத்தை ஒட்டிய உயரம்தான். டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் அதைவிடத் தாழ்வு. அங்கே விலங்கு பார்க்கப் போகலாம், குளிருக்காகப் போக முடியாது. மேகமலை 1,500 மீட்டர், தேயிலையும் அணைகளுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க அங்கே வழியே கிடையாது.

மிச்சம் இருப்பவை இரண்டு பெரிய மேடுகள்: நீலகிரி, கொடைக்கானலை ஒட்டிய மேல்மலை. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் 1,800-ஐ ஒட்டியும் உதகை 2,240-இலும் இருக்கின்றன. குளிருக்குக் குறையே இல்லை. ஆனால் மே மாதம் உதகையில் மலர்க் கண்காட்சி நேரம். நெரிசலில் மேட்டுப்பாளையம் பாதையிலேயே உங்கள் அரை நாள் கரைந்துவிடும். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போக்குவரத்தை ஒருவழியாக்குவதும் வழக்கம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கொடைக்கானல் ஊரைத் தாண்டி மேல்மலைக்குப் போவேன்: பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி. 1,900 மீட்டரை ஒட்டிய உயரம், பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள், மன்னவனூரில் ஏரியும் புல்வெளியும், மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையும் உண்டு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் கூட்டத்தில் பெரும்பகுதி இவ்வளவு தூரம் வருவதில்லை.

இனி அனுமதி. இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், டென்ட் போடுவது அதைவிடப் பெரிய குற்றம். ‘டிரெக் தமிழ்நாடு’ என்று வனத்துறை 2024-இல் தொடங்கிய திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியோடு போகலாம். அவை பெரும்பாலும் பகல் நடைகள், ராத்திரி தங்குவதற்கானவை அல்ல. நீங்கள் டென்ட்டில் தங்க வேண்டுமானால், பட்டா நிலத்தில், உரிய அனுமதியோடு நடத்தப்படும் முகாம்தான் வழி. கொடைக்கானல் மலையில் அனுமதியில்லாத டென்ட் முகாம்கள் மீது அதிகாரிகள் அவ்வப்போது நடவடிக்கை எடுப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே ‘உள்ளாட்சி அனுமதிக் கடிதத்தின் படத்தை அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். ‘அதெல்லாம் பிரச்சினை இல்ல தம்பி, பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு முகாமில் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். காட்டின் விளிம்பில் முறையில்லாமல் டென்ட் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. கிளம்பும் முன் அந்த வருட விதியைப் பார்த்து, வண்டி எண்ணோடு பதிவு செய்துவிடுங்கள். ஆபீசில் லீவு கிடைக்குமானால் செவ்வாய், புதன் ராத்திரிகளைத் தேர்ந்தெடுங்கள். பாஸ் சுலபம், வாடகை குறைவு, பாட்டுச் சத்தமும் குறைவு.

பயணத்தையும் வெயிலுக்குத் தகுந்தபடி போட வேண்டும். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் கிளம்பி, ஓட்டுபவர்கள் மாறி மாறி ஓட்டி, திண்டுக்கல் பக்கம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, விடியலில் வத்தலக்குண்டிலிருந்து ஏறத் தொடங்குங்கள். மத்தியானம் மலை ஏறினால் என்ஜினும் சூடாகும், நீங்களும் சூடாவீர்கள். ஏற்றத்தில் ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். டம்டம் பாறையைத் தாண்டும்போது முகத்தில் அடிக்கும் காற்று மாறுவதை நீங்களே உணர்வீர்கள்.

டென்ட் போடும் இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைப்பது, ஏனென்றால் சரியான உயரத்துக்குப் போயும் பலர் வெயிலில் மாட்டுவது இங்கேதான். படம் நன்றாக வரும் என்று மொட்டை மேட்டில் டென்ட் அடிக்கிறார்கள். 20 டிகிரிக் காற்றிலும் நைலான் துணி வெயிலை வாங்கி உள்ளேயே அடைத்து வைக்கும். காலை ஏழரை மணிக்குள் உள்ளே படுத்திருக்க முடியாது, பிழிய வியர்த்து, தலைவலியோடு எழுந்து வருவீர்கள். ராத்திரி தாமதமாகத் தூங்கிய நண்பர்கள் கூட்டத்துக்கு இது நாள் முழுவதையும் கெடுத்துவிடும்.

அதனால் போய்ச் சேர்ந்ததும் போனில் திசைகாட்டியைத் திறந்து கிழக்கைப் பாருங்கள். மே நடுவில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, கிட்டத்தட்ட 19 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். அந்தப் பக்கம் ஒரு மரக்கூட்டமோ சரிவோ இருந்து ஒன்பது மணி வரை நிழல் விழுந்தால் அதுதான் உங்கள் இடம். இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது தெரியாது: கொடைக்கானல் பத்து டிகிரி அட்சரேகையில் இருப்பதால், மே நடுவில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே இல்லாமல் வடக்கே ஒன்பது டிகிரி சாய்ந்து நிற்கும். ஆகவே நிழலுக்குத் தார்ப்பாய் கட்டும்போது வடக்குப் பக்க ஓரத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். நம் ஊரில் வெயில் தெற்கிலிருந்துதான் வரும் என்று டிசம்பர் பழக்கத்தில் தெற்கே தாழ்த்திக் கட்டினால், வடக்குப் பக்கத்து வெயில் டென்ட்டின் மேல் விழும்.

தார்ப்பாயை டென்ட்டின் மேல் போர்த்தக் கூடாது. நடுவே இரண்டு முழம் இடைவெளி விட்டு, நான்கு கயிற்றில் இழுத்துக் கட்டுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடினால்தான் சூடு கீழே இறங்காது. வெள்ளையோ வெள்ளி நிறமோ மேல்பக்கம் இருக்கட்டும். நீல நிறத் தார்ப்பாய் எங்கும் மலிவாகக் கிடைக்கும், மழைக்கு அது போதும், வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது. டென்ட்டின் இரண்டு பக்கமும் வலைச் சன்னலைத் திறந்து வையுங்கள். ராத்திரி குளிருகிறதே என்று முழுக்க மூடினால் ஐந்து பேர் மூச்சும் துணியில் நீராகப் படிந்து விடியற்காலையில் மேலே சொட்டும்.

மரத்தடி என்றாலும் எந்த மரம் என்று பாருங்கள். யூகலிப்டஸ் காற்றில் கிளையை முறித்துப் போடும், அதன் கீழே படுக்கக் கூடாது. பைன் மரத்தடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும், வழுக்கவும் செய்யும், ஒரு பொறி விழுந்தால் பற்றவும் செய்யும். ஓடையை ஒட்டிய பள்ளம் பகலில் ஆசை காட்டும். ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகி வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும், பனியும் அங்கேதான் அதிகம். மேட்டின் உச்சியில் காற்று பிடுங்கும். சரிவின் நடுவே ஒரு சமதளம் கிடைத்தால் வேறு எதையும் தேடாதீர்கள்.

வெயிலிலிருந்து தப்பிக்கப் போகிறவர்கள் குளிருக்கு ஏற்பாடு செய்ய மறந்துவிடுவார்கள். சென்னையில் ராத்திரியே 29 டிகிரியில் தூங்கிப் பழகிய உடம்புக்கு 12 டிகிரி கடும் குளிர். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். போர்வைக்குச் செலவு செய்யும் முன் கீழே விரிக்க ஃபோம் பாய் வாங்குங்கள். பகலில் வியர்த்த பருத்திச் சட்டையோடு சாயங்காலம் உட்காராதீர்கள், ஐந்து மணிக்கே உலர்ந்த துணிக்கு மாறி, காதையும் மூடிக்கொள்ளுங்கள்.

குளிரும்போது செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. கரி அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ டென்ட்டுக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டு போகாதீர்கள், அணைந்த மாதிரி தெரிந்தாலும் கூடாது. கனன்று கொண்டிருக்கும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2024-இல் கொடைக்கானலில் சுற்றுலா வந்த நண்பர்களில் இருவர் இப்படித்தான் இறந்தார்கள். கேஸ் அடுப்பும் அப்படியே, சமையல் எப்போதும் வெளியில்தான்.

சரி, பகல் பொழுதுக்கு வருவோம். மலையில் காற்று குளிர்வதால் வெயில் சுடுவது தெரியாது. ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும், 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம். அதாவது மன்னவனூர் புல்வெளியில் தோலைச் சுடும் வெயில் சென்னையில் இருப்பதைவிடக் கடுமையானது. ‘ஜில்லுன்னு இருக்கே’ என்று அரைக்கை பனியனோடு மத்தியானம் முழுக்கப் புல்வெளியில் உட்கார்ந்தவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி கழுத்தும் காதும் எரியும். முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி அல்லது துண்டு. நடையை விடிந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். பத்தரை முதல் மூன்றரை வரை நிழலில் சமையல், தூக்கம், சீட்டு என்று எதுவானாலும் சரி. மூன்றரைக்கு மேல் மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு திரும்ப வெளியே வரலாம்.

தண்ணீர்க் கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று லிட்டர், சமையலுக்கும் மற்றதற்கும் இரண்டு. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். குளிர்ந்த இடத்தில் தாகம் எடுக்காது, ஆனால் நடையில் உடம்பு நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கெடுபிடி உண்டு, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. 20 லிட்டர் கேனும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், மேலே மாடு மேய்ந்துகொண்டிருக்கும், தோட்டத்துக்கு மருந்து அடித்திருப்பார்கள்.

ஐஸ் பெட்டி இல்லாமலே குடிநீரைக் குளிர வைக்கலாம். பழைய பருத்தித் துண்டை நனைத்து எவர்சில்வர் பாட்டிலைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றுங்கள். வாயில் முடிச்சுப் போட்டு, நிழலில், காற்று வரும் கிளையில் தொங்கவிடுங்கள். துண்டு காயத் தொடங்கும்போது திரும்ப நனையுங்கள். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் தொண்டைக்கு இதமாகிவிடும். துணியிலிருந்து ஆவியாகும் நீர் பாட்டிலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானையில் நடப்பதும் இதுதான். மழை பெய்து காற்று ஈரமாகிவிட்டால் இது வேலை செய்யாது. அன்றைக்கு இது தேவையும் படாது. இதே நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தால் உடம்புக்கும் அதே பலன்.

சாப்பாட்டில் ஒரு விஷயம் கவனித்தால் போதும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதமும் பருப்பும் வேக நேரமாகும். சின்ன குக்கர் ஒன்று இல்லாமல் போகாதீர்கள். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் கெடாது. பூம்பாறையில் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு கிடைக்கும், நாலு பல்லைத் தட்டிப் போட்டு ராத்திரி ரசம் வைத்துப் பாருங்கள். காலையில் நீராகாரம் குடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தக் குளிரில் சோறு ஒரு ராத்திரியில் புளிக்காது. கொஞ்சம் மோர் விட்டுப் பிசறி, சட்டியைத் துணியால் சுற்றி வைத்தால் மட்டும் லேசாகப் புளிப்பேறும். சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்துக் குடித்துவிட்டு நடையைத் தொடங்கினால் பத்து மணி வரை தாங்கும்.

போன வருடம் தலைசுற்றிய நண்பரைப் பற்றிக் கொஞ்சம் கவலையோடுதான் எழுதுகிறேன். ஒருமுறை வெயில் தாக்கியவரை இன்னொரு முறை தாக்குவது சுலபம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையோ, சளி அலர்ஜி மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இவற்றில் சில உடம்பின் நீரையும் வியர்வையையும் குறைக்கும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பட்டும். முதல் நாள் அவர் முதுகில் பை வேண்டாம்.

வியர்த்துக் கொட்டி, தலைசுற்றி, குமட்டி, தோல் சில்லென்று இருந்தால் அது வெயில் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஈரத் துண்டால் துடைத்து, ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து வாய் வாயாகக் கொடுங்கள். டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும், உப்பு கூடினால் ஆபத்து. அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுவார். ஆனால் உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் யார் என்று தெரியாமல் உளறினால் அது வெப்பவாதம், உயிர் போகும் நிலை. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108-க்கு அழைத்துவிட்டு, அழைத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்ற மூவரும் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வையுங்கள். மலையில் இது அபூர்வம். ஏறும் வழியிலும் இறங்கும் நாளிலும்தான் நடக்கும். மேல்மலையில் பல இடங்களில் சிக்னல் வராது. முகாமில் எந்த நிறுவனத்தின் சிக்னல் எங்கே நின்றால் கிடைக்கும் என்று போன உடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் சேர்ந்தால் குடியும் சேர்ந்து வரும் என்பதால் சொல்கிறேன். மது உடம்பின் நீரை வெளியேற்றும், தோலின் ரத்தக் குழாயை விரித்துக் குளிரில் உடம்புச் சூட்டையும் வெளியேற்றும். பகலில் வெயில், ராத்திரி குளிர் என்று இரண்டு பக்கமும் அடி. போதையில் ஓடையில் இறங்கியவர்கள் கதை மலையில் எல்லா ஊரிலும் இருக்கிறது. அப்புறம், உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழித்தால் அந்தப் புண் ஆறுவது அரிது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டத்தை டாஸ்மாக் 2022-இல் நீலகிரியில் தொடங்கியதே இந்தக் கண்ணாடித் தொல்லையால்தான்.

மே மாத மலையில் மத்தியான இடிமழை வழக்கமானது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. டென்ட் துணி காக்காது, தனிமரத்தடி அதைவிட மோசம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். ஓடையில் குளிப்பது காலையில்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுச் சிறுவனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் நிறம் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ துணியைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

மழை இல்லாத வருடத்தில் ஆபத்து வேறு: தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போயிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதனால் அந்த வேகத்தில் சரிவு ஏற முடியாது. புகை வாடை வந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ சாலைக்கோ போய்விடுங்கள். கேம்ப் ஃபயர் வேண்டும் என்று முகாம்காரரை வற்புறுத்தாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் காரணம் இருக்கும். அனுமதித்தால், புல் செதுக்கிய தரையில் சின்னதாக மூட்டி, படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கைவைத்துச் சூடில்லை என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.

சாப்பாட்டுப் பொருளை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், காரில் பூட்டுங்கள். காட்டுப்பன்றிக்கும் கரடிக்கும் மூக்கு கூர்மை. கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நிற்கும், சாந்தமாக மேய்வது மாதிரி தெரியும். செல்ஃபிக்குப் பக்கத்தில் போகாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், அது நகரும் வரை காத்திருங்கள். ராத்திரி சிறுநீர் கழிக்கப் போவதென்றால் இரண்டு பேராகப் போங்கள்.

கடைசி நாள் இறக்கத்தைச் சரியான நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, உச்சி வெயிலில் வத்தலக்குண்டில் போய் இறங்கினால் இரண்டு நாள் குளிரில் இருந்த உடம்பு ஒன்றரை மணி நேரத்தில் 15, 20 டிகிரி ஏற்றத்தைத் தாங்க வேண்டியிருக்கும். தலைவலியும் வாந்தியும் அங்கேதான் வரும். மத்தியானத்தைக் கொடைக்கானலிலேயே கழித்துவிட்டு, மூன்றரைக்கு மேல் இறங்கத் தொடங்குங்கள். இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, ஏறி வரும் வண்டிக்கு வழி கொடுத்து இறங்குங்கள். பெருமாள்மலையில் நிறுத்தி ஆளுக்கு அரை லிட்டர் மோரோ தண்ணீரோ குடித்து, கனத்த துணிகளைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். கீழே சேரும்போது ஐந்தரை, ஆறு மணி ஆகியிருக்கும். தலைசுற்றுகிற நண்பர் முன் சீட்டில் உட்காரட்டும், சென்னை வரை வண்டி ஓட்டும் முறை அவருக்கு வேண்டாம்.